பெட்டி வந்த நாள்

கோட்டுச்சேரியில் அத்தை வீட்டு முறுக்கும் வத்தலும் ஒரு சிப்பாயின் தகரப் பெட்டியில் இருந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போன என் சின்னத் தாத்தாவின் பெட்டி அது. கப்பலில் பெட்டி மட்டும் தனியே வந்து இறங்கினால் ஆள் போய்விட்டார் என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம். வேறு சேதிக்குக் காத்திருக்காமல் அழத் தொடங்கிவிடுவார்கள். அப்போது அத்தை சின்னப் பெண்; அந்தச் சித்தப்பாவுக்குச் செல்லம்.

பெட்டி வந்த தேதியிலேயே வருஷா வருஷம் மாதா கோயிலில் அவருக்குப் பூசை நடந்தது. அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அது கப்பல் வந்த நாளுடா, உசிரு போன நாளு இல்லை. அந்த ஆத்மா தன்னோட நாளைப் பாத்துக்கிட்டு அங்க நிக்குமே" என்பார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியிருந்த சமயம். பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை தேறிவிட்டு, வேலை கிடைக்காமல், எதிலாவது மூக்கை நுழைக்கத் துடித்துக்கொண்டிருந்தேன் நான். சரியான நாளைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, முறுக்கையெல்லாம் முறத்தில் கொட்டிப் பெட்டியை ஆராய்ந்தேன். மூடியின் உட்புறம் வெள்ளைச் சாயத்தில் அவருடைய பட்டாள எண். அவருடைய ஞானஸ்நானப் பெயர் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு; எண்ணுக்கு ஒரே ஆள்தான். பிரான்சில் பட்டாளப் பதிவேடுகள் இருக்கும் அலுவலகத்துக்கு, பாடப் புத்தகத்தில் இருந்த மரியாதை வாசகம் ஒன்றையும் விடாமல் போட்டு எழுதினேன். ஊரைவிட்டே போனவர்கள் உனக்குப் பதில் போடுவார்களாக்கும் என்று மாமா கேலி செய்தார்.

மழைக்காலம் முடியும்போது பதில் வந்தது. சைக்கிளில் பறந்துபோய் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இடது புருவத்தில் தழும்பு என்றதும், கிட்டிப்புள் பட்டது என்று அத்தை தலையாட்டினார். அடுத்த வரியில் எனக்கே நாக்குக் குழறியது. பெட்டி வந்த வருஷம் அவர் நோய்நொடியில்லாமல் பட்டாளத்திலிருந்து விடுபட்டிருக்கிறார். உடுப்பு இனி எதற்கு என்று பெட்டியை ஊருக்கு ஏற்றிவிட்டிருப்பார். சைகோனிலேயே சுங்கத்தில் வேலை, கல்யாணம், பென்ஷன். பல வருஷம் கழித்து ஒரு ஜூலை மாதம் மரணம். பென்ஷன் இப்போது மனைவிக்குப் போகிறது. பெயரைப் பார்த்தால் அந்த ஊர்ப் பெண்.

"உசிரோட உக்காந்து தின்னுக்கிட்டிருந்த மனுஷனுக்கா இத்தனை பூசை வச்சீங்க?" என்றார் மாமா.

அத்தை சிரிக்கவில்லை. எதையோ உடைத்துவிட்டோமோ என்று எனக்குப் பயம். தேதியை மறுபடி படிக்கச் சொன்னார். ஜெபம் போல முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"சாவுறதுக்கு முன்னாடியே பூசை வாங்குனவரு எங்க சித்தப்பா ஒருத்தருதான்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பூசை நாளை மாற்றச் சொல்லிக் கோயில் சாமியாரிடம் அப்போதே போகச் சொன்னார். நான் சைக்கிளை எடுப்பதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"டேய், அந்தச் சித்திக்கும் ஒரு கடுதாசி எழுதுடா. கல்யாணத்துக்கு ஏன் எங்களைக் கூப்பிடலேன்னு முதல்ல கேளு. சுகமான்னு அப்புறம் கேட்டுக்கலாம்."