முற்றத்தில் எழுப்பிய கூடாரம்

என் வீட்டுக்காரர் எத்தனை முறை செத்திருக்கிறார் என்று கேட்டால் எங்கள் ஊர் கொச்கோர் சந்தையில் சண்டையே வந்துவிடும். குதிரையிலிருந்து விழுந்து செத்தது, எல்லைக்காவலில் குண்டு பட்டுச் செத்தது, தொலைக்காட்சித் தொடர்கள் வந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் செத்தது என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். கறிக்கடைக்காரன், "என்ன துர்சுன் அண்ணே, இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?" என்பான். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு, "போன வாரம்தான் புதைச்சாங்க. கறி வாங்க எந்திரிச்சு வந்தேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துர்சுன் என்றால் 'இருக்கட்டும்' என்று பொருள். என் மாமியாருக்கு மூத்த மகனுக்குப் பிறகு பிறந்ததெல்லாம் தொட்டிலோடு போயிற்று. இதுவாவது தங்கட்டும் என்று வைத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு இந்த மனிதர் சாவதையே பிழைப்பாக்கிக்கொண்டார்.

இளவயதில் ஒரு படப்பிடிப்புக்குக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனவர். விழ வேண்டிய ஆள் பயந்து பின்வாங்க, இவர் ஏறி விழுந்து காட்டியிருக்கிறார். அழகாக விழுந்தாராம்! அதன் பிறகு தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. முப்பது வருடம் நடித்தும் முகம் மட்டும் எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. எப்போதும் குப்புறத்தான். ஒவ்வொரு முறை செத்துவிட்டு வீடு திரும்பும்போதும் நான் எண்ணெயில் மாவு பொரிப்பேன். செத்தவர்களுக்கு அந்த வாசனை போதும் என்பார்கள். சாவு அதோடு போகட்டும், என் வாசல் பக்கம் வராதிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

மூத்தவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. கணவனின் அண்ணன் பெயரைச் சொல்வது எங்களில் வழக்கமில்லை. தகப்பன் போன பிறகு இவரைத் தோளில் போட்டு வளர்த்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பண்டிகை விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். தொலைக்காட்சியில் இவரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மூத்தவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சாவு நாய் மாதிரிடா. தெனமும் தீனி போட்டா ஒருநாள் வீட்டுக்கே வந்துடும்."

இவர் சிரித்தார். "தீனி போடறதே அந்த நாய்தானேண்ணே!"

"சிரிடா, நல்லா சிரி. நெஜமாவே செத்தா சொல்லி அனுப்பு. அப்ப வர்றேன்."

சொன்னவர் எழுந்து போனார். கணவாய்க்கு அப்பால் தன் மந்தையோடு இருந்துகொண்டார். ஒவ்வொரு பண்டிகைக்கும் இவர் ஆள் அனுப்புவார், அங்கிருந்து ஒரு வார்த்தை வராது. ஆனாலும் அன்று முழுக்க இவர் பார்வை பாதையிலேயே இருக்கும். அந்த ஒரு மனிதரின் குரலைக் கேட்காமல் போய்விடுவோமோ என்பதுதான் இவருக்கு இருந்த ஒரே பயம்.

போன குளிர்காலத்தில் சமாத் என்ற இயக்குநர் பையன் வந்தான். தொடரில் குடும்பத் தலைவர் சாகிறார். கம்பளிக் கூடாரத்தில் கிடத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். கேமரா இவர் முகத்திலேயே நிற்கும். படப்பிடிப்பை எங்கள் முற்றத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"கோடையில மலையில கூடாரம் போட்டா வாழறதுக்கு. பனியில வீட்டு முற்றத்துல போட்டா சாவுக்குன்னு உனக்குத் தெரியாதா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கச் சொல்றியா?" என்றேன்.

"சும்மா நடிப்புதான், அக்கா."

இவர் என்னைத் தனியே அழைத்தார். "சாய்ரா, முப்பது வருஷமா மண்ணைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு தடவை என் முகம் தெரியட்டுமே."

என்னத்தைச் சொல்ல? தலையை ஆட்டித் தொலைத்தேன்.

கூடாரம் எழுந்த அன்றே எங்கள் நாய் முற்றத்தை விட்டு ஓடியது. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் எடுக்கக்கூடச் சுற்றுவழியாகப் போனாள். சாலையில் ஆடு ஓட்டிப் போன ஒருவன் நின்று பார்த்தான். வெள்ளைக் கூடாரம், கறுப்புத் துணியில் பெண்கள். அவன் எதையும் விசாரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, செத்தவர்களுக்காக வேண்டுவதுபோல் முகத்தைத் தடவிக்கொண்டு கணவாய்ப் பக்கம் போய்விட்டான். நடிப்புதான் என்று ஓடிப்போய்ச் சொல்வதற்குள் அவன் மலைத் திருப்பத்தில் மறைந்துவிட்டான்.

மறுநாள் படம் பிடித்தார்கள். பிணத்தைத் திரைக்குப் பின்னால்தான் கிடத்துவோம். கேமராவுக்காகத் திரையை விலக்கியிருந்தார்கள். ஆள் போதவில்லை என்று என்னையும் ஒப்பாரிப் பெண்களோடு உட்கார வைத்தார்கள். எங்கள் முகமெல்லாம் கூடாரச் சுவரைப் பார்த்து, முதுகு வாசலுக்கு.

வெளியே குதிரை ஓடி வரும் சத்தம் கேட்டது. கூடவே ஓர் ஆணின் ஓலம்.

"என் தம்பி! என் கூடப்பொறந்தவனே!"

"யாரும் அசையாதீங்க, அருமையா இருக்கு" என்று சமாத் கிசுகிசுத்தான். யாரோ துணை நடிகர் என்று நினைத்துவிட்டான். எனக்கு அந்தக் குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஒன்பது வருடத்தில் அவ்வளவு தளர்ந்துபோயிருந்தது.

"டேய், எனக்கு முன்னாடி போக உனக்கு யாருடா உத்தரவு குடுத்தா? உன் படம் ஒண்ணு விடாம பாத்தேன்டா. நீ விழுந்த ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு நின்னு நின்னு அடிச்சுதுடா. அதை உன்கிட்டச் சொல்லத் தெரியாமத்தான்டா கோவிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்..."

எனக்குப் புரிந்துவிட்டது. எழப் போனேன். பக்கத்திலிருந்த நடிகை என் மடியை அழுத்திப் பிடித்தாள். உதறிவிட்டுத் திரும்பியபோது பேச்சு நின்றிருந்தது. மூத்தவரின் தலை இவர் மார்பில் கிடந்தது. இவர் கண் திறந்திருந்தது. அண்ணன் முதுகில் கையை வைத்து, "அண்ணே, அண்ணே" என்று உலுக்கிக்கொண்டிருந்தார். மூத்தவர் எழவில்லை.

கூடாரத்தைப் பிரிக்கவே இல்லை. அதே இடத்தில், அதே கம்பளத்தில் மூத்தவரைக் கிடத்தினோம். சமாத் அழுதுகொண்டே தான் பிடித்ததையெல்லாம் அழித்தான். சாவு வீட்டு ஆண்களின் வழக்கப்படி இவர் வாசலில் கம்பை ஊன்றி நின்று அழுதார். அதைப் பார்த்து ஒருவரும் நடிப்பு என்று சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் வரை நான் இவரோடு பேசவில்லை. ஒரு கேமராவுக்காகப் பெற்ற தகப்பனைப் போன்றவரை அழவிட்டுக் கல்லாகக் கிடந்தாரே என்று உள்ளே கொதித்தது. நாற்பதாம் நாள் விருந்து முடிந்து, வந்தவர்கள் போன பிறகு கேட்டே விட்டேன்.

"அண்ணன் குரல்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா இல்லியா?"

"முற்றத்துல நுழையும்போதே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் கண்ணைத் தொறக்கல? அந்தப் பாழாப்போன படம்தான் பெருசாப் போச்சா?"

இவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

"படமா? அண்ணன் பேசிக்கிட்டிருந்தாரு, சாய்ரா. நான் கண்ணைத் தொறந்தா நிறுத்திடுவாரேன்னு கெடந்தேன்."