விட்டுவைத்த சின்னான்

பறவை பார்ப்பதில் என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு சட்டம்தான். தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், பார்த்தது இன்னதுதான் என்று அடையாளம் சொல்லவும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது அவர் பட்டியலில் ஏறாது. இலங்கைக்குப் போனபோது மழைக்காட்டுக்குள் ஒரு சின்ன ஆந்தை கூப்பிட்டது. அந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாத ஆந்தை. கூட வந்தவர்கள் எல்லாரும் குரலைக் கேட்டதே போதுமென்று குறித்துக்கொண்டார்கள். இவர் மட்டும் குறிக்கவில்லை.

"கேட்டது காது. கண்ணு பாத்துச்சுன்னு எப்படி எழுதறது?" என்றார்.

கென்யாவில் இன்னும் மோசம். வழிகாட்டி தூரத்தில் பறந்த ஒரு கழுகுக்குப் பெயர் சொல்ல, வால் பட்டையைப் பார்க்காமல் எப்படிச் சொன்னாய் என்று இவர் பிடித்துக்கொண்டார். ஜீப்பில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் எரிச்சலானார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது எந்தக் கழுகென்று கடைசிவரை முடிவாகவில்லை.

அவர் நாமக்கல்லில் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சேந்தமங்கலத்தில் வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர்கள் தோட்டமும் நகையும் வாங்கியபோது நாங்கள் விமான டிக்கெட் வாங்கினோம். "குருவி பாக்கறதுக்கா இத்தனை தூரம் போறீங்க?" என்று என் தங்கச்சி கேட்காத பொங்கல் இல்லை.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கொல்லிமலை எதிரே நிற்கும். அதன் பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை இருக்கிறது. தென்னாட்டுப் பாறை மலைகளைத் தவிர வேறெங்கும் அது இல்லை. அதைப் பார்க்கவென்றே வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உண்டு. நாங்கள் பார்த்ததில்லை. தேடிப் போனதே இல்லை. வருஷா வருஷம் நான் சொல்வேன், இவர் தட்டிக் கழிப்பார்.

"நம்ம மலைதானே அம்மிணி, எங்க போயிறப் போகுது? தூரத்துல இருக்கறதெல்லாம் மொதல்ல பாத்துருவோம். காலு ஓஞ்சதுக்கப்புறம் இதுக்குப் போலாம்."

கால் ஓயவில்லை. கண்தான் ஓய்ந்தது.

ஒருநாள் காலையில் மாடியில் நின்றுகொண்டிருந்தோம். கரண்ட் கம்பியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. "கம்பி என்ன இப்படி வளைஞ்சு நெளிஞ்சு கெடக்குது? லைன்மேனுக்குச் சொல்லோணும்" என்றார். கம்பி நேராகத்தான் இருந்தது. நான் அதைச் சொன்னதும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். கீழே இறங்கிப் போனார்.

கோயம்புத்தூரில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது என்றார். ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். சரியாகிவிடுமா என்று நான் கேட்டேன். போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கிறோம் என்றார் டாக்டர். அந்த மிச்சமும் நிற்கவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு கண்ணிலும் ஆரம்பித்தது. சொர்க்கப் பறவைகளைப் பார்க்கப் பப்புவா போவதாக இருந்தோம். அந்தப் பயணத்தை நான்தான் போனில் ரத்து செய்தேன். இவர் பக்கத்து அறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தார்.

அந்த வியாதியின் கொடுமை, எதை நேராகப் பார்க்கிறோமோ அதுவே மறைந்துபோகும். என் முகத்தைப் பார்த்தால் என் காதும் முடியும் தெரியும், முகம் இருக்காது. பறவை பார்க்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"சின்னானப் பாத்துரலாம்" என்று அவராகத்தான் ஒருநாள் சொன்னார். தை மாதம். ஒரு கார் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி கடந்ததும் பெரிய பாறைகள் தெரிகிற ஓர் இடத்தில் காரை ஓரங்கட்டச் சொன்னேன். பாறை இடுக்கில் முளைத்த ஓர் இச்சி மரம், சுற்றிலும் உண்ணிச்செடிப் புதர். இப்படிப்பட்ட இடத்தில்தான் அது இருக்கும் என்று அவர் எத்தனையோ தடவை எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தம் அடங்கியதும் இச்சி மரத்தில் வந்து உட்கார்ந்தது. சாம்பல் உடம்பு, மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுத் துடைக்காமல் வந்த மாதிரி தலையும் தொண்டையும்.

"ஏனுங்க, வந்துருச்சு. பாறைக்கு மேல, இச்சி மரத்துல, கிளை ரெண்டாப் பிரியுதில்லீங்க, அங்க."

பைனாகுலரைத் தூக்கினார். "பாறை தெரியுது. கிளை தெரியுது."

"கிளையிலயே தானுங்க இருக்குது."

"கிளைக்கு நடுவுல ஒண்ணுமில்ல அம்மிணி."

"கொஞ்சம் தள்ளிப் பாருங்க. டாக்டர் சொன்னாரில்ல, பக்கத்துல பாருங்க."

பக்கத்தில் பார்த்தார். ஏதோ அசைகிறது என்றார். அசைகிறது என்றதுமே பழக்க தோஷத்தில் கண் அதை நோக்கித் திரும்பிவிடும். திரும்பினால் பறவை இருக்காது. மறுபடி தள்ளிப் பார்ப்பார், மறுபடி திரும்புவார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. பறவை பாவம், பழத்தைத் தின்றுவிட்டு, இறகைக் கோதிக்கொண்டு அங்கேயே இருந்தது. ஊரில் பார்க்கிற மற்றச் சின்னான்கள்கூட அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு சரிவில் இறங்கிப் பறந்து புதருக்குள் போய்விட்டது.

போய்விட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "ஆங், பாத்துட்டேன்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். பைனாகுலர் அந்த வெறும் கிளையை நோக்கியே இருந்தது.

"மஞ்சத் தொண்டை. நல்லாத் தெரியுது. உக்காந்துருக்குது பாரு."

"ஆமாங்க" என்றேன்.

மலை மேலே குண்டனி நாடு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றோம். வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும் பெங்களூரிலிருந்து அவர்களைக் கூட்டி வந்த வழிகாட்டியும் இருந்தார்கள். கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்ததுமே எங்கள் ஜாதிதான் என்று தெரிந்தது. அவர்கள் இதே பறவைக்காகத்தான் வந்திருந்தார்கள். முந்தின நாள் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லையாம். அன்றைக்குச் சாயங்காலம் பிளேன் ஏற வேண்டுமாம்.

இவர் எழுந்து போய்த் தானாகவே பேசினார். எந்த வளைவு, எந்தப் பாறை, எந்த மரம் என்று எல்லாம் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வால் நுனியில் வெள்ளை இருந்தது என்றார், அது புத்தகத்தில் இருப்பது. எங்களைப் பார்த்துத் தலையைச் சாய்த்துப் பாடியது என்றார். அது எங்கேயும் இல்லாதது.

வழிகாட்டி தமிழ் தெரிந்தவர். என் பக்கம் திரும்பி, "நீங்களும் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தோமுங்க" என்றேன்.

நாங்கள் மலை இறங்கும்போது அவர்களுடைய கார் அந்தப் பாறைக்கு எதிரே நின்றிருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த வெள்ளைக்கார அம்மா ஓடி வந்தார். பறவை கிடைத்துவிட்டது. கார் ஜன்னல் வழியாக இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்ணில் தண்ணீர். கேமராவைத் திருப்பி, எடுத்த படத்தை இவர் முகத்துக்கு நேராகக் காட்டினார். இவர் குனிந்து பார்த்து, "ஆமா, இதேதான்" என்று இங்கிலீஷில் சொன்னார். இவருக்கு அந்தத் திரை ஒரு வெளிச்சத் துண்டு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலில் ஏற்றச் சொன்னார். அவரால் எழுத முடியாததால் நான் எழுதினேன். இலங்கை ஆந்தையை விட்டவர், கென்யாக் கழுகுக்குச் சண்டை போட்டவர். எனக்கு அவர் பொய் சொன்னதில்கூட வருத்தமில்லை. பொய் சொல்லத் தேவைப்பட்டுவிட்டதே, அதில்தான். இனி எதையும் தன் கண்ணால் பார்க்கப் போவதில்லை என்று அவருக்கே அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாள் வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பறவை கிட்டே வந்தது, இன்னும் அதிக நேரம் பாடியது. என் தங்கச்சி வாயைப் பிளந்து கேட்டாள். நான் அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கு உண்மையில் அது எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அது அவருடைய கதையோடு ஒட்டாது. நான் பார்த்த பறவை எனக்கும் இல்லாமல் போயிற்று. பிறகு அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார். இப்போது மாடிக்கு வருவதில்லை. கூப்பிட்டால், "எதுக்கு?" என்கிறார்.

போன மாதம் அவரைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் மலைக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கண்டக்டரிடம் சொல்லி அந்த வளைவில் இறங்கிக்கொண்டேன். இரண்டு சின்னான்கள் இருந்தன. ஒன்று அலகில் நார் வைத்திருந்தது, கூடு கட்டுகிறது போல. பைனாகுலரைத் தூக்கி நன்றாகப் பார்த்தேன். உள்ளுக்குள் ஒன்றும் அசையவில்லை. பக்கத்தில் நின்று அடையாளம் கேட்க ஆள் இல்லாமல் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை. அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன்.

தங்கச்சி வீட்டுக்குப் போய் அவரைக் கூப்பிட்டபோது என் சேலையில் ஒட்டியிருந்த உண்ணிச்செடி வாசம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மலைக்கா போயிட்டு வாரே?"

"ஆமாங்க."

"இருந்துச்சா?"

"இல்லீங்க."

"இருக்காது" என்றார். "அந்தப் பக்கமெல்லாம் வண்டி ஜாஸ்தியாயிருச்சு. இனி வராது."

அவர் குரல் லேசானது போல இருந்தது. செருப்பைத் தேடிக் காலால் தரையைத் துழாவினார். நான் குனிந்து எடுத்து மாட்டிவிட்டு, கையைப் பிடித்துப் படி இறக்கினேன்.