அப்பாவின் பற்றரிக் கார்

நேற்றுக் கொழும்பில், காலி வீதியில் நான் ஏறிய வாடகைக் கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. மின்சாரக் கார் என்றார் சாரதி. என் கை கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

யுத்த காலத்தில், எனக்குப் பத்து வயதில், பொறியியலாளரான அப்பா எங்கள் வெள்ளவத்தை வீட்டில் பழைய கார் ஒன்றைப் பற்றரியில் ஓட வைத்தார். எவ்வளவு சார்ஜ் பண்ணினாலும் சில மைல்தான் ஓடும். ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து என்னைக் கூட்டிவரும்போது, பாமன்கடைச் சோதனைச்சாவடி முன்னால் நின்றுவிட்டது. பின்சீற்றைத் தூக்கிய ஆமிக்காரன், வரிசையாகப் பற்றரிகளையும் வயர்களையும் கண்டதும் துவக்கை நீட்டினான்.

"குண்டில்லை, கார் இதிலதான் ஓடுது," என்றார் அப்பா சிங்களத்தில்.

"அப்ப ஓட்டிக் காட்டு."

"பற்றரி இறங்கிட்டுது. கொஞ்சம் ஆறினா ஓடும்."

எங்களை வெயிலில் நிற்க வைத்தார்கள். பயத்தில் சிறுநீர் போய் என் சீருடை நனைந்தது எனக்கே தெரியவில்லை. அரை மணித்தியாலத்தின் பின் அப்பா ஏறினார். கார் பத்தடி உருண்டு மறுபடியும் நின்றது. ஆமிக்காரன் சிரித்துவிட்டான்.

"இதை ஆர் வாங்குவான்? தள்ளிக்கொண்டு போ."

தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனோம். மறுநாள் அப்பா பற்றரிகளைக் கழற்றினார். அவர் மனம் மாறிவிடுமோ என்ற பயத்தில், வயர்களை நானே ஓடி ஓடிக் குப்பையில் போட்டேன்.