பிசிறு

‘என் கையில என்ன இருக்கு’ என்று அலுத்துக்கொள்வது எல்லோருக்கும் வழக்கம்தான். கையே கைவசம் இல்லாதவள் என்னவென்று அலுத்துக்கொள்வாள்? தையல்கடை அக்காவுக்குத் தன் தங்கையைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும்.

அக்கா வெட்டித் தைப்பாள். தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை, அதாவது பிசிறை, எடுப்பது தங்கையின் வேலை. அவள் விரல் பட்ட சட்டையில் ஒரு பிசிறு மிஞ்சாது. அதே விரல் வேலையில்லாத நேரத்தில் தலைக்குப் போய்விடும். தடவித் தடவி, மற்றதைவிடச் சொரசொரப்பான ஒரு முடியைத் தேடிப் பிடுங்கும். “ஒரே ஒரு பிசிறுக்கா, அதை மட்டும்” என்பாள். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. அதனால் எந்நேரமும் தலையில் துணி. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டாள். ஒருவரைப் பிடித்திருந்தது, ஆசையாய்த் தலையைத் தடவிவிடுவாரோ என்று பயந்தே விலகிக்கொண்டாள்.

“கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி?”

“நான் சும்மாதான்க்கா இருக்கேன். கைதான் இருக்க மாட்டேங்குது.”

ஒருநாள் மேசை விசிறி அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு போனது. அளவு கொடுக்க வந்திருந்த டீச்சர் பார்த்துவிட்டார். “புத்துநோயாம்மா? ட்ரீட்மென்ட் நடக்குதா?” என்றார் தணிந்த குரலில். அக்கா யோசிக்கவே இல்லை. “ஆமாங்க டீச்சர்” என்றாள். தங்கையின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு அவளுக்கு.

அன்று முதல் வாராவாரம் ஆப்பிள் வந்தது. டீச்சர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டே பேசுவார். பிடித்திருக்கும் வரை அந்தக் கை தலைக்குப் போகாததை அக்கா கவனித்தாள்.

“அந்த வியாதிக்கு ஆப்பிள் தராங்க. என் வியாதிக்குத் திட்டுதான்” என்றாள் தங்கை, பழத்தைத் தொடாமல். “பேசாம அதையே வாங்கிக்கலாம்போல.”

“வாயைக் கழுவுடி.”

“பொய் சொன்னது நீ. வாய் கழுவுறது நானா?”

அடுத்த முறை டீச்சர் வந்ததும் தங்கையே தலைத்துணியை அவிழ்த்தாள். “எனக்கு அந்த நோய் இல்ல டீச்சர். நானே பிடுங்கிக்கிறேன். நிறுத்த முடியல.”

அக்காவின் மெஷின் நின்றது. டீச்சர் முகம் சுருங்கியது. “அப்போ நான் இத்தனை நாள் வேண்டிக்கிட்டது?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிவிட்டார்.

அந்த வாரம் போயிற்று, ஆள் வரவில்லை. வாடிக்கையும் போயிற்று, வந்துகொண்டிருந்த அன்பும் போயிற்று என்று அக்கா நினைத்தாள். அதற்கடுத்த வாரம் டீச்சர் வந்தார், ஆப்பிள் இல்லாமல். வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்து, “கையைக் குடு” என்றார்.

முடி நிலைக்கவில்லை. கொஞ்சம் வளரும், ஒரு கெட்ட நாளில் போய்விடும். துணியும் தலையைவிட்டு இறங்கவில்லை. வீட்டில் அக்காவின் முன்னால்கூட அவள் அதை அவிழ்ப்பதில்லை. டீச்சர் வரும் நாளில் மட்டும் கழற்றி மடித்து வைத்துவிட்டு, விசிறிக்கு நேர் எதிரே உட்காருவாள்.

“கூடப் பிறந்தவகிட்ட என்னடி மறைப்பு?” என்று அக்கா ஒருதரம் கேட்டாள்.

தங்கை அவள் தோளில் ஒட்டியிருந்த பிசிறை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த சட்டையை எடுத்தாள்.