பயம் போய்விட்டது என்று நினைத்தேன்

1. பதினோராம் மாடி

பினாங்கு ஜார்ஜ்டவுனில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் டெக்னிசியனாக இருந்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இப்போது அந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பிரேக், கேபிள் எல்லாம் கோர்ஸில் சொல்லித் தருவார்கள். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

ஓய்வுக்கு நான்கு வருடம் முன்னால், பீச் ஸ்திரீட் பக்கம் ஒரு பழைய ஆபீஸ் கட்டடம். பதினோராம் மாடியில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கை மரத்தது, மூச்சு உள்ளே போகவில்லை. ஹார்ட் அட்டாக்தான், முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்துப் பார்த்து, "ஹார்ட் நல்லா இருக்கு அங்கிள், டென்ஷன குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதை எந்த ஸ்குரூவைத் திருகிக் குறைப்பது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

2. மிச்சம் இருந்த இடங்கள்

அது மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. லிட்டில் இந்தியா கூட்டத்தில் ஒரு தடவை வந்தது, அங்கே போவதை நிறுத்தினேன். கோயில் வரிசையில் வந்தது, கோயிலும் நின்றது. கல்யாண விருந்து, கூட்டாளிகளோடு டீக்கடை எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் வேலையும் ஆயர் ஈத்தாமில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டும்தான் மிச்சம். மனைவி, மகளின் பிரசவத்துக்காக ஜோகூர் போனவள், பேரனுக்காக அங்கேயே தங்கிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வயதில் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

எங்கள் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. கூரைமேல் கால் வைக்கும் முன், லிஃப்ட் நகராமல் நிறுத்தும் ஸ்டாப் சுவிட்சை அமுக்கி, வாக்கிடாக்கியில் "ஸ்டாப் ஆன்" என்று சொல்ல வேண்டும். மேலே மோட்டார் ரூமில் இருக்கும் கூட்டாளி அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். நான் மூன்று தடவை அமுக்கிப் பார்ப்பேன். என் கூட்டாளி குணா, "போதும்லா, சுவிட்சு தேஞ்சிரும்" என்று கிண்டல் செய்வான்.

3. நல்ல பெயர்

இரண்டு வருடம் இப்படி ஓடியது. பிறகு பயம் குறைந்தது. படபடப்பு இல்லை. ஆனால் சோறும் ருசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், டிவியைக்கூடத் திறக்க மாட்டேன். சாயங்காலம் மனைவி போன் செய்வாள். "சாப்டீங்களா?" "சாப்டேன்." அவ்வளவுதான், அன்றைக்கு நான் பேசிய பேச்சு.

சூப்பர்வைசர் ஒருநாள் முதுகில் தட்டினார். "இப்பதான்யா ஒழுங்கா இருக்க. தொட்டதுக்கெல்லாம் பயந்துகிட்டு இருந்த." நானும் குணமாகிவிட்டேன் என்றே நம்பினேன். முட்டாள்.

4. குணா இறங்கி வந்தான்

அதே வருடம், பூலாவ் திக்குஸில் ஒரு அப்பார்ட்மென்ட். எட்டாம் மாடிக் கதவைத் திறந்து, சுவிட்சை அமுக்காமல் கூரைமேல் ஏறிவிட்டேன். "ஸ்டாப் ஆன்" வராததால் மோட்டார் ரூமிலிருந்து குணா வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். கேட்டது, பதில் சொல்லத் தோன்றவில்லை. அவன் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் படியில் ஓடி வந்தான்.

"டே, ஸ்டாப் அமுக்கலையா?"

"இல்ல."

"கீழ எவனாவது பட்டன அமுக்கியிருந்தா?"

"போனா போவட்டும்லா," என்றேன்.

குணா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தான், டூல் பாக்ஸை மூடினான். "வேல போதும். வேன்ல ஏறு," என்றான். நேரே அரசாங்க கிளினிக்குக்குக் கொண்டுபோனான்.

5. டாக்டரம்மா கேட்டது

டாக்டர் தமிழ்ப் பெண். நான் சொன்னதை அவசரப்படாமல் கேட்டார்.

"பயமும் மனச்சோர்வும் நிறைய பேருக்கு ஒண்ணா வரும் அங்கிள். நீங்க பயந்து ஒவ்வொண்ணா விட்டுட்டு வந்தீங்க. சந்தோஷமும் அதோடயே போயிருச்சு. இப்ப உங்களுக்குப் பயம் சரியாகல, பயப்படக்கூட தெம்பு இல்ல. ரெண்டுக்கும் சேத்துதான் பாக்கணும்." பிறகு கேட்டார்: "செத்துப் போலாம்னு தோணுதா?"

"செத்தா பரவால்லன்னு தோணுது," என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மாத்திரை, வாராவாரம் கவுன்சலிங், விட்டுவந்த இடங்களுக்கு மெல்ல மெல்லத் திரும்பிப் போவது என்று மாதக்கணக்கில் ஆனது. குணா போனில் சொல்ல, மனைவி அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். "எங்கிட்ட கூடவா பொய் சொன்னீங்க?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எப்போதும் பயப்படுகிற ஆள் உங்கள் டீமில் திடீரென்று அமைதியாகிவிட்டால் பாராட்டாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, டாக்டரம்மா என்னைக் கேட்டதை அப்படியே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

ஐந்து மாதம் கழித்து டாக்டர் சம்மதத்தோடு மறுபடி வேலைக்குப் போனேன். கூரைமேல் நின்று கீழே பார்த்தேன். பக்கத்துக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

குணா வாக்கிடாக்கியில் கேட்டான்: "என்னடா, சத்தத்தக் காணோம். பயமா இருக்கா?"

"இருக்குடா," என்றேன். "விழுந்துருவேனோன்னு பயமா இருக்கு."

அப்பாடா என்று அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.