கண்ணாடிப் பெட்டியில் அக்கா

அந்த இத்தாலி ஓவியரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது, அவர்மேல் எனக்கென்ன கோபம். அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய எங்கள் ஊர்மேல்தான் கோபம். அந்த ஆட்டத்தில் மிதிபட்டது என் அக்கா.

எழுபதுகளின் நடுவில் புதுச்சேரிக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் அவருடைய ஓவியங்களைப் பெரிது பெரிதாக அச்சடித்து மாட்டினார்கள். திரை கட்டி ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். பிரெஞ்சு படித்தவர்கள் முதலில் போனார்கள். அவர்கள் வந்து அளந்ததைக் கேட்டு மற்றவர்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். எங்கள் தெருமுனை ஜவுளிக்கடைக்காரர் அடுத்த வருஷக் காலண்டரில் முருகனை எடுத்துவிட்டு, கைமேல் கை வைத்து லேசாகச் சிரிக்கும் அந்த அம்மாவைப் போட்டார். முடிவெட்டும் கடையில், டீக்கடையில், மண்ணெண்ணெய் வரிசையில், எங்கே போனாலும் அதே பேச்சு. அவர் அந்தக் காலத்திலேயே பறக்கிற இயந்திரம் வரைந்தாராம். பிணத்தை அறுத்துப் பார்த்து நரம்பு வரைந்தாராம். அந்த அம்மாவின் சிரிப்புக்கு ஆளுக்கொரு அர்த்தம். வயிற்றில் பிள்ளை என்றார் ஒருவர். பல் சொத்தை, அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரி ஏன் அழுகிறாள் என்று கேட்க நேரமில்லாதவர்களுக்கு, எங்கோ ஒருத்தி ஏன் சிரித்தாள் என்று ஆராய நேரம் இருந்தது.

இந்தக் கூத்துக்குத் தலைமைப் பூசாரி எங்கள் கடைத்தெரு போட்டோ ஸ்டுடியோக்காரர். எங்கள் ஊரில் பிரெஞ்சு தெரிந்த பெரிய மனிதர்களை முசே என்பார்கள். இவருக்கு 'போன்ழூர்' என்கிற வணக்கத்தைத் தாண்டினால் வண்டி நின்றுவிடும், ஆனாலும் முசே. சொந்தக்காரர் யாரோடோ ஒருமுறை பாரீசுக்குப் போய் அந்த ஓவியத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவர். அதன்பிறகு அந்த ஓவியரைத் தன் தாய்மாமன் மாதிரிதான் பேசுவார். மில் ஷிப்ட் முடிந்ததும் என் அப்பா பஞ்சுத் தூசி ஒட்டிய தலையோடு அங்கே போய் உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். வீட்டுக்கு வந்து, "மேதைன்னா அவன் மேதை" என்பார். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை என்று அம்மா சொல்லும்போதும் அதைத்தான் சொல்வார்.

அந்த வருஷம்தான் அக்காவுக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்தது. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மாப்பிள்ளைக்குக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. வீட்டில் வந்து பெண் பார்த்துப் பிடிக்காமல் போனால் தெருவே பேசும் என்பதால், வீராம்பட்டினம் தேருக்கு இரண்டு வீட்டாரும் போய்த் தற்செயலாகப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டோம். மாப்பிள்ளை பதற்றத்தில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்றை வாயில் போட்டுக்கொண்டார். விக்கல் வந்துவிட்டது. அவருடைய அம்மா எங்களிடம் குலப்பெருமை பேசிக்கொண்டிருக்க, இவர் பின்னால் நின்று மூச்சை அடக்குகிறார், கண்ணில் தண்ணீர் வருகிறது, விக்கல் மட்டும் நிற்கவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்தபிறகும் பாத்திரம் தேய்க்கும்போது தானாகச் சிரிப்பாள். நான் அவள் காதருகே போய் ஒரு விக்கல் விக்குவேன். அடிக்கத் துரத்துவாள். அவளுக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. எதையும் வாய்விட்டு வேண்டும் என்று கேட்காதவளுக்கு, அவர் வேண்டும் என்று இருந்தது.

ஒரே ஒரு சடங்கு பாக்கி. மாப்பிள்ளையின் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அங்கேயே தங்கியவர். அவர் சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் ஆடு மாடுகூட வாங்க மாட்டார்கள். அவருக்கு அனுப்பப் பெண்ணின் போட்டோ வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருந்தார். படம் எடுக்கப் போன அன்று எங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பாதான் எங்கள் இருவரையும் முசேயிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அக்கா பட்டுப்புடவை கட்டி, கனகாம்பரம் வைத்து, கழுத்து நிறைய இரவல் நகையோடு போனாள். முசே அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"பிரான்சுல இருக்கிற மனுசனுக்குப் போற படம். இங்கத்திப் பொண்ணுங்க மாரி பூவும் நகையுமா அனுப்பினா அவரு பாப்பாரா? அந்தம்மா மாரி எடுத்துத் தரேன். பாத்த ஒடனே அசந்துடுவாரு."

அப்பா ஏற்கெனவே அசந்துபோய்த்தான் இருந்தார். பூவை எடுக்கச் சொன்னார் முசே. நகையைக் கழற்றச் சொன்னார். கையைக் கையின்மேல் வைத்தபோது வளையல் இடித்தது, அதையும் கழற்ற வைத்தார். பின்னலைப் பிரித்து நடுவகிடு எடுத்து, முடியைத் தோள்வரை வழியவிட்டு, ஒரு கறுப்புத் துணியை முக்காடாகப் போட்டார். கடைசியில் ஈரக் கைக்குட்டையை நீட்டினார்.

"பொட்டாவது இருக்கட்டுமே" என்றாள் அக்கா.

"அந்தம்மாவுக்குப் பொட்டு ஏதும்மா?"

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "முசே சொல்றாரு இல்ல, தொடச்சுடு" என்றார்.

துடைத்தாள். விளக்குகளைப் போட்டபின் அவள் முகம் இறுகிவிட்டது. சிரி, சிரி என்று கெஞ்சினார் முசே. வரவில்லை. கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மெல்ல ஒரு விக்கல் விக்கினேன். அக்காவின் உதடு அடங்கமாட்டாமல் ஒரு ஓரம் மட்டும் நெளிந்தது. அந்த நொடியில் முசே எடுத்துவிட்டார்.

படம் வந்ததும் அப்பா வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் சேர்க்க வேண்டும் என்று ஸ்டுடியோவிலிருந்து நேராகப் பஸ் ஏறிவிட்டார். எங்களுக்கென்று எடுத்த இன்னொரு பிரதியை முசே மாலையில் கொடுத்தனுப்பினார். அம்மா படுத்தபடியே உறையைப் பிரித்தாள். பிரித்தவள் எழுந்து உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, எம் பொண்ண உசுரோட மூளியாக்கிட்டானே" என்று கத்தினாள். அதுவரைக்கும் எனக்கும் உறைக்கவில்லை. பூ இல்லை, பொட்டு இல்லை, வளையல் இல்லை, தலையில் முக்காடு. ஊர் முழுக்க வியந்த ஓவியத்தை என் அக்காமேல் போர்த்தினால் கிடைத்தது ஒரு தாலி அறுத்தவள்.

அங்கே மாப்பிள்ளையின் அம்மா படத்தைத் தரையில் போட்டுவிட்டாராம். அப்பா இத்தாலியையும் மேதையையும் விளக்கியிருக்கிறார். பறக்கும் இயந்திரம்வரைக்கும் சொன்னாரோ என்னவோ, அவர் சொல்லக்கூடியவர்தான்.

"தாலி கட்டறதுக்கு முன்னாடியே அறுத்த கோலத்துல படம் எடுத்துக்கினு வந்திருக்கியே, எம் புள்ள நல்லா இருக்கறது ஒனக்குப் புடிக்கலயா?" என்று கேட்டு வெளியே அனுப்பிவிட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

அந்தப் படம் பிரான்சுக்குப் போகவே இல்லை. மாப்பிள்ளை அக்காவை நேரில் பார்த்தவர், பொட்டோடும் பூவோடும் பார்த்தவர். தன் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. விக்கலை அடக்கப் பழகியவருக்குப் பேச்சை அடக்குவதா கஷ்டம்? அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முசே வருத்தப்பட்டார், தன் கலை புரியாத ஜனங்களைப் பற்றி. பிறகு படத்தைப் பெரிதாக்கி, வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் அந்த அம்மாவின் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். ஊர் திரண்டு வந்து பார்த்தது. எங்கள் ஊர் அம்மா என்று பெருமைப்பட்டது. பெருமைப்பட்ட ஒரு வீட்டிலிருந்தும் அக்காவைப் பெண் கேட்டு வரவில்லை. வந்த வெளியூர் இடங்களும் கடைத்தெருவில் அதைப் பார்த்துவிட்டு, தாலி அறுத்து மறுதாலி கட்டுகிற பெண்ணா என்று விசாரித்துவிட்டுத் திரும்பின. அப்பா போய் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார்.

"என்னா மனுசன் நீ, அதுமாரி படம் இன்னொரு வாட்டி அமையுமா?" என்றாராம் முசே. அப்பா அதற்கப்புறம் மேதை என்று சொல்லி நான் கேட்கவில்லை. ரொம்ப சீக்கிரம்தான் நிறுத்தினார்!

எண்பதுகள் பிறந்து, தையல் மெஷின் மிதித்து மிதித்து அக்காவுக்குக் கால் வலி வந்த பிறகு, கடலூரிலிருந்து மனைவியை இழந்த ஒருவருக்காகக் கேட்டார்கள். மறுபடி போட்டோ. வேறு ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்று சண்டை போட்டேன்.

"அவருதான் எடுக்கணும்" என்றாள் அக்கா. "பொட்டோட எடுத்து, அதே பெட்டியில வெக்கச் சொல்லப் போறேன். அத எடுத்துட்டு இத வெக்கட்டும்."

அதே பட்டுப்புடவை, நெற்றியில் பெரிய குங்குமம், தலை கொள்ளாத பூ. முசே நரைத்திருந்தார், திமிர் நரைக்கவில்லை. அக்கா கேட்டதைக் கேட்டுத் தலையாட்டினார். "படம் அத விட நல்லா வந்தா வெக்கறேன், எனக்கென்னா" என்றார். விளக்குகளைப் போட்டார். ஒன்று எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார். இன்னொன்று எடுத்தார்.

"அந்தச் சிரிப்பு வரலயேம்மா. அன்னிக்குச் சிரிச்ச மாரி சிரி."

நான் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தாள். அந்த விக்கலை இனி எந்த மனசோடு விக்குவது?

அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"அன்னிக்கு நான் சிரிச்சது உன் படத்துக்கு இல்ல முசே" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அவள் பெரியவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வாசலில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கல்லூரிப் பையன்கள் கும்பலாக நின்று வழியை அடைத்திருந்தார்கள். "இந்தச் சிரிப்புல என்னமோ மர்மம் இருக்குடா" என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "கொஞ்சம் வழி விடுங்க தம்பி" என்றாள். பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவன்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.