அப்பாவின் துண்டில் ஏழு முடிச்சு

"ஐயா, இதுக்குப் பேரு ஏடிஹெச்டி. கவனம் ஒரு இடத்துல நிக்காது. சின்ன வயசுலயே இருந்திருக்கும். சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல. வியாழக்கிழமை திரும்ப வாங்க" என்றார் கே.கே. நகர் டாக்டரம்மா.

மறக்கக் கூடாதென்று தோள் துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டேன். அந்த இறுக்கம் விரலில் பட்டதும் நினைப்பில் சின்ன வயசுக் கோச்சடை வீட்டுக்கே போய்விட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று லாரிக்குக் கூடு, அதாவது பாடி, கட்டுவதில் என்னை மிஞ்ச மதுரையில் ஆளில்லை. அன்றோ எண்ணெய் வாங்கப் போனால், வழியில் எவனாவது லாரி இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பான். பார்த்து நின்றுவிட்டு, பொழுது சாய வெறும் தூக்குவாளியோடு வருவேன்.

"உருப்படாத பய! சொன்னது மண்டையில நிக்குதா?" என்பார் அப்பா. இத்தனை ஜெயித்தும் அந்தச் சொல் மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அம்மா அவர் துண்டை உருவி விரித்தாள். "பயல ஏசுறீகளே, இதுல ஏழு முடிச்சுக் கெடக்கு. எதுக்குன்னு ஒண்ணாச்சும் சொல்லுங்க பாப்போம்."

அப்பா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "எதுக்கோதான் போட்டேன்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"டாக்டரம்மா, அந்தப் பேரை எங்கப்பாவுக்கும் சேத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, மனசு லேசாகிப் படியிறங்கினேன்.

வாசலில் காத்திருந்த மகள் என் துண்டைப் பார்த்தாள். "இந்த முடிச்சு எதுக்குப்பா?"

எம்புட்டு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"எதுக்கோதான் போட்டேன் தாயி."